ஒரு கையைக் கட்டிப்போட்ட பாதரசம்: மெத்தில் பாதரசம் உடம்புக்குள் என்ன செய்கிறது?

பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒருநாள் வெப்பமானி கீழே விழுந்து உடைந்தது. சிமெண்ட் தரையெங்கும் வெள்ளி மணிகள் சிதறி ஓடின. விரலால் தள்ளினால் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும், தட்டினால் மறுபடி சிதறும். தீப்பெட்டிக்குள் போட்டு மத்தியானம் முழுக்க விளையாடினோம். இப்போது நினைத்தால் பதறுகிறது. பாதரச ஆவியை மூச்சோடு இழுத்தால் ஐந்தில் நான்கு பங்கு ரத்தத்தில் சேர்ந்துவிடும். ஆனால் அதே வெள்ளி மணியை ஒரு குழந்தை தெரியாமல் விழுங்கிவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேராமல் மலத்தோடு வெளியே வந்துவிடும்.

இன்னொரு பக்கம் இதைப் பாருங்கள். 1996 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியலாளர் டைமெத்தில் பாதரசத்தைக் குழாய்க்குள் மாற்றிக்கொண்டிருந்தார். நச்சு உலோகங்கள்தான் அவருடைய துறை. கையில் லேடக்ஸ் உறை போட்டிருந்தார், புகை இழுக்கும் கூண்டுக்குள் வைத்துத்தான் வேலை செய்தார். ஒன்றிரண்டு சொட்டு உறையின் மேல் விழுந்தது. உறையைக் கழற்றிக் கையைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஐந்து மாதம் நரம்புத் தொல்லை எதுவும் தெரியவில்லை. 1997 ஜனவரியில் நடை தடுமாறியது, பேச்சு குழறியது, பார்வை சுருங்கியது. ஜூன் 8 அன்று இறந்துபோனார், வயது 48. பிறகு சோதித்தபோதுதான் அந்தத் திரவம் 15 நொடிக்குள் லேடக்ஸ் உறையைக் கடந்துவிடும் என்று தெரிந்தது.

தனிமம் ஒன்றேதான். தரையில் உருண்டதும் அதுதான், உறையில் விழுந்ததும் அதுதான். நடுவில் சேர்ந்தது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மெத்தில் தொகுதி மட்டும். வெட்டர்ஹானைக் கொன்ற பொருளில் இரண்டு மெத்தில் இருந்தன. உடம்புக்குள் போனதும் அவற்றில் ஒன்று கழன்று, மீனிலும் கடலிலும் நாம் காணும் மெத்தில் பாதரசமாகத்தான் அது மாறியது. இவ்வளவு சின்னச் சேர்க்கை இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எப்படி உண்டாக்குகிறது? “மெத்தில் பாதரசம் கொழுப்பில் கரையும், அதனால் மூளைக்குள் போய்விடும்” என்று பல பாடநூல்களில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி தவறான வழியைக் காட்டுகிறது என்பது என் எண்ணம். இந்தக் கதையை நடத்துவது கொழுப்பு அல்ல, கந்தகம்.

பாதரசத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள ஈர்ப்பு பழங்காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். சித்த மருத்துவ மரபில் பாதரசத்தைச் சிவனாகவும் கந்தகத்தைச் சக்தியாகவும் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் இலிங்கம் என்கிற அந்தச் சிவப்புக் கனிமம். மண்ணுக்குள் பாதரசம் பெரும்பாலும் அந்த வடிவில்தான் கிடைக்கிறது, தண்ணீரில் கரையவே கரையாது. கந்தகமும் ஹைட்ரஜனும் கோத்துக்கொண்ட சேர்மங்களை இன்று தயால் என்கிறோம். அவற்றுக்குப் பழைய பெயர் மெர்காப்டன். ‘பாதரசத்தைப் பிடிப்பது’ என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர் ஒருவர் தன் கண்ணால் கண்டதை அப்படியே பெயராக வைத்துவிட்டார்.

காரணம் எளிதானதுதான். பாதரசம் பெரிய அணு. அதன் வெளி எலக்ட்ரான் மேகம் தளர்ந்து, எளிதில் நெளியக்கூடியது. இப்படிப்பட்டவற்றை வேதியியலில் ‘மென்மையானவை’ என்பார்கள். ஆக்சிஜன், நைட்ரஜன் போன்ற இறுக்கமான சிறிய அணுக்களோடு அவை அவ்வளவாக ஒட்டுவதில்லை. கந்தகம், செலினியம் போன்ற மென்மையானவற்றைத்தான் தேடும். மெத்தில் பாதரச அயனி குளோரைடைப் பிடிப்பதைவிட ஏறக்குறைய ஆயிரம் கோடி மடங்கு வலுவாகத் தயாலின் கந்தகத்தைப் பிடிக்கிறது.

நம் உடம்பில் கந்தகத்துக்குக் குறைவில்லை. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் நுனியில் அது ஹைட்ரஜனோடு சேர்ந்து தயாலாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. சிஸ்டீன் இல்லாத புரதம் அபூர்வம். முடி கருகும்போது மூக்கைத் துளைக்கிறதே ஒரு நாற்றம், அதில் பெரும்பங்கு இந்தக் கந்தகத்தினுடையது. எத்தனையோ நொதிகளில் வேலை செய்யும் நுனியே சிஸ்டீன்தான்.

சரி, அப்படியானால் சாதாரணப் பாதரச உப்பும் இதே அளவு மூளையைக் கெடுக்க வேண்டுமே? அங்கேதான் மெத்திலின் வேலை வருகிறது. பாதரச அயனிக்கு எதிரெதிர்த் திசையில் நீளும் இரண்டு கைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் உப்பாக இருந்தால் அது இரண்டு கையாலும் இரண்டு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். குடலின் சுவரிலேயே பெரும்பகுதி மாட்டிக்கொண்டு வெளியேறிவிடும், உள்ளே போனதில் பெரும்பங்கு சிறுநீரகத்தில் தங்கி அதைக் கெடுக்கும். அதுவும் நஞ்சுதான், ஆனால் மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை.

மெத்தில் சேர்ந்ததும் ஒரு கை நிரந்தரமாகக் கட்டப்பட்டுவிடுகிறது. அந்த முடிச்சு லேசில் அவிழாது. மெத்திலைத் துத்தநாகத்தோடு சேர்த்தால் காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும், தண்ணீர் பட்டால் சிதறும். பாதரசத்தோடு சேர்த்தாலோ தண்ணீரும் காற்றும் ஒன்றும் செய்வதில்லை, வயிற்று அமிலம்கூட எளிதில் அசைப்பதில்லை. ஆக்சிஜன் மேல் பாதரசத்துக்குப் பெரிய ஆசை இல்லாததால் தண்ணீர் வந்து அதைக் கார்பனிடமிருந்து இழுத்துக்கொள்ள முடிவதில்லை. மீதம் இருப்பது ஒரே ஒரு கை. அந்த ஒற்றைக் கையோடு, எங்கேயும் சிக்கிக்கொள்ளாமல், உடம்பு முழுக்க நடமாடும் சின்ன மூலக்கூறாக அது ஆகிவிடுகிறது. வாய் வழியே போனதில் 95 விழுக்காடு அளவு உடம்பில் சேர்ந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆயிரம் கோடி மடங்கு வலுவான பிடி என்றால், முதலில் சந்தித்த கந்தகத்தோடேயே ஒட்டிக்கிடக்க வேண்டியதுதானே? ரத்தத்தில் நுழைந்ததும் ஹீமோகுளோபினில் உள்ள சிஸ்டீனைப் பிடிக்கிறது. ரத்தத்தில் உள்ள மெத்தில் பாதரசத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சிவப்பணுக்களுக்குள்தான் இருக்கிறது. அங்கேயே கிடந்தால் நமக்கு நல்லது. அது கிடப்பதில்லை. ஒரு கந்தகத்தைப் பிடித்திருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு தயால் வந்தால், புதியதைப் பிடித்துக்கொண்டு பழையதை விட்டுவிடும். இந்த இடமாற்றம் நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். எந்தக் கணத்தில் பார்த்தாலும் ஏதோ ஒரு கந்தகத்தின் மேல்தான் இருக்கும், ஆனால் எந்தக் கந்தகத்தோடும் நிலையாக இருக்காது. கிளைவிட்டுக் கிளை தாவும் குரங்கு தரையில் கால் வைக்காமலே தோப்பு முழுவதையும் சுற்றிவருவதைப் போல, மெத்தில் பாதரசம் கந்தகம் விட்டுக் கந்தகம் தாவியே உடம்பு முழுக்கப் போய்விடுகிறது. வலுவான பிடியும் வேகமான தாவலும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் இந்த நஞ்சின் தனித்தன்மை.

இனி மூளையின் வாசலுக்கு வருவோம். மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் மிகக் கெட்டியானது. தனக்கு வேண்டியதை மட்டும் தனித்தனி வாயில்கள் வழியே உள்ளே விடும். மெத்தில் பாதரசம் எண்ணெயில் கரைந்து இந்தச் சுவரைக் கடக்கிறது என்று நினைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் குளோரைடு வடிவம் எண்ணெய் போன்ற கரைப்பானிலும் தண்ணீரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் கரையும். டிடிடி என்ற பூச்சிக்கொல்லியோ லட்சக்கணக்கான மடங்கு எண்ணெய்ப் பக்கம் சாயக்கூடியது. உண்மையில் நடப்பது வேறு. மெத்தில் பாதரசம் தனியாக உலவும் ஒரு சிஸ்டீனின் மேல் வந்து உட்காரும்போது உருவாகும் கூட்டு, மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தை ஓரளவு ஒத்திருக்கிறது. மெத்தியோனைன் மூளைக்குத் தேவையான உணவு, அதற்கென்று வாயில் இருக்கிறது. வாயில் ஏமாந்துவிடுகிறது.

இதைச் சோதித்துக் காட்டியவர்கள் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிளார்க்சன் குழுவினர். 1992இல் அவர்கள் எலிகளில் செய்த சோதனை அழகானது. சிஸ்டீனுக்கு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. எண்ணெயில் கரைவதைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். உடம்பு பயன்படுத்தும் இடக்கை வடிவத்தோடு சேர்த்துக் கொடுத்த மெத்தில் பாதரசம் மூளைக்குள் விறுவிறுவென்று போனது. வலக்கை வடிவத்தோடு சேர்த்துக் கொடுத்தது அப்படிப் போகவில்லை. கரைதிறன்தான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

சமையலறைக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. மீனின் கொழுப்பை நீக்கினால் பாதரசம் போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். போகாது. அது கொழுப்பில் இல்லை, தசைப் புரதத்தின் சிஸ்டீனில் இருக்கிறது. 2003இல் மீன் தசையை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தபோது அப்படித்தான் தெரிந்தது. பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் புளியில் ஊறவைத்தாலும் அந்தப் பிடி விடுவதில்லை.

உள்ளே போனபின் அது செய்யும் சேதத்தில் முதலில் சொல்ல வேண்டியது செலினியத்தை. கந்தகத்தின் தம்பி மாதிரியான தனிமம் இது, பாதரசத்துக்குக் கந்தகத்தைவிடவும் பிடித்தமானது. நம் உடம்பில் செலினியத்தை மையமாகக் கொண்ட புரதங்கள் 25 அளவில்தான் இருக்கின்றன. ஆனால் செல்லை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் தயோரெடாக்சின் ரிடக்டேஸும் அவற்றில் அடக்கம். கந்தகம் விட்டுக் கந்தகம் தாவிவந்த பாதரசம் செலினியத்தைக் கண்டதும் அங்கேயே தங்கிவிடுகிறது. காவல் நொதி முடங்குகிறது. மூளை நிறைய ஆக்சிஜன் செலவழிக்கும் உறுப்பு, அந்தக் காவல் இல்லாமல் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. திமிங்கிலங்களின் கல்லீரலில் பாதரசமும் செலினியமும் சேர்ந்த நுண்ணிய கரையாத மணிகள் கிடைக்கின்றன. நஞ்சைச் செலவில்லாமல் அடக்க முடியாது என்பதற்கு அது சாட்சி: ஒவ்வொரு பாதரச அணுவுக்கும் ஒரு செலினியம் பலி.

அடுத்து, செல்லுக்குள் சாரம் கட்டியதுபோல ஓடும் நுண்குழல்கள். இவற்றைக் கட்டும் டியூபுலின் புரதத்தில் நிறைய சிஸ்டீன் உண்டு. பாதரசம் அதைப் பிடித்தால் சாரம் சரிந்துவிடும். செல் பிரிவதற்கும், கருவின் மூளையில் புது நரம்பு செல்கள் தங்கள் இடம் தேடி ஊர்ந்து போவதற்கும் இந்தச் சாரம்தான் ஆதாரம். பெரியவர்களின் மூளையில் குறிப்பிட்ட சில இடங்கள் மட்டும் அரிக்கப்பட, கருவின் மூளை எங்கும் பரவலாகக் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். மூன்றாவதாக, நரம்பு செல்களுக்கு ஊழியம் செய்யும் ஆஸ்ட்ரோசைட் செல்கள். நரம்புகள் சேதி அனுப்பியபின் மிச்சமாகும் குளுட்டமேட்டைத் துடைத்தெடுப்பது அவற்றின் வேலை. அந்த வேலை நின்றதும் குளுட்டமேட் தேங்கி, நரம்பு செல் ஓயாமல் தூண்டப்பட்டு, கால்சியம் உள்ளே கொட்டி, செத்துப்போகிறது.

பெரியவர்களில் அதிகம் அழிவது சிறுமூளையின் சின்னச் சின்ன மணி செல்களும் பெருமூளையின் பின்புறத்தில் பார்வைக்கான பகுதியும். நோயாளி தள்ளாடுவதும், சொல் குழறுவதும், குழாய் வழியே பார்ப்பதுபோலப் பார்வை சுருங்குவதும் அதனால்தான். இந்த அறிகுறிகளை 1940லேயே ஹண்டரும் ரஸ்ஸலும் பிரிட்டனில் எழுதிவைத்தார்கள். விதைகளுக்குப் பூசும் பூஞ்சைக்கொல்லி தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள் அவர்கள் கண்ட நோயாளிகள். அந்தக் குறிப்புதான் பிற்பாடு ஜப்பானில் ஒரு மர்மத்தை அவிழ்த்தது.

ஜப்பானின் கியூஷு தீவில் ஷிரானுய் கடலோரம் இருக்கிறது மினமாட்டா. சிஸ்ஸோ நிறுவனம் 1932 முதல் அங்கே அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளைத் தயாரித்தது. அசிட்டிலீன் வாயுவைத் தண்ணீரோடு சேர்க்கப் பாதரச சல்பேட் வினையூக்கி. அந்தத் தொட்டியிலேயே பக்க விளைபொருளாக மெத்தில் பாதரசம் உண்டானது. கழிவு நேராக விரிகுடாவுக்குப் போனது. 1950களில் மீன் தின்ற பூனைகள் வெறிபிடித்ததுபோல ஆடிக் கடலில் விழுந்தன. 1956 மே 1 அன்று முதல் நோயாளிகளைப் பற்றிய அறிக்கை சுகாதார அலுவலகத்துக்குப் போனது. குமாமோட்டோ பல்கலைக்கழகத்தினர் அறிகுறிகளை ஹண்டர், ரஸ்ஸல் குறிப்போடு ஒப்பிட்டு, 1959இல் கரிமப் பாதரசம்தான் காரணம் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில், ஆலை மருத்துவமனையின் ஹொசோகாவா, கழிவு கலந்த தீனி கொடுத்து வளர்த்த 400ஆம் எண் பூனைக்கு நோய் வந்ததைக் கண்டார். நிறுவனம் அதை வெளியே விடவில்லை. அரசு ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். அதற்குள் இன்னும் ஒன்பது ஆண்டு மக்கள் அந்தக் கடலின் மீனைத் தின்றார்கள். இதை எழுதும்போதுகூட அந்த ஒன்பது ஆண்டை வெறும் எண்ணாகக் கடக்க என்னால் முடியவில்லை.

ஈராக்கில் வழி வேறு, நஞ்சு இதேதான். 1971இல் பூஞ்சை பிடிக்காமலிருக்க மெத்தில் பாதரசம் பூசிய விதைத் தானியம் இறக்குமதியானது. எச்சரிக்கைக்காகச் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள். மூட்டையில் இருந்த எழுத்து அந்த விவசாயிகள் படிக்கக்கூடிய மொழியில் இல்லை. பெண்கள் தானியத்தைக் கழுவினார்கள், சாயம் தண்ணீரோடு போனது. நஞ்சும் போய்விட்டது என்று நம்பி மாவரைத்து ரொட்டி சுட்டார்கள். தானியத்தில் ஒட்டியது போகவில்லை. தின்ற உடனே ஒன்றும் ஆகாததால் வாரக்கணக்கில் தின்றார்கள். மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள் 6530 பேர், அங்கே இறந்தவர்கள் 459 பேர்.

ஆலையே இல்லாத இடத்திலும் மெத்தில் பாதரசம் உருவாகிறது. நிலக்கரிப் புகையிலும் எரிமலையிலும் இருந்து வந்த சாதாரணப் பாதரசம் ஏரி, கடல் அடிச்சேற்றில் படிகிறது. அழுகிய முட்டை நாற்றம் வரும் கறுப்புச் சேறு இருக்கிறதே, ஆக்சிஜன் இல்லாத அந்தச் சேற்றில் ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் அதற்கு மெத்திலைக் கட்டிவிடுகின்றன. அதைச் செய்யும் இரண்டு மரபணுக்களை ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தினர் 2013இல் கண்டுபிடித்தார்கள். நம் வைட்டமின் பி12இன் உறவான ஒரு மூலக்கூறுதான் மெத்திலைக் கைமாற்றுகிறது. அப்புறம் மிதவையுயிர், சின்ன மீன், பெரிய மீன் என்று படிப்படியாக ஏறி, உச்சியில் இருக்கும் வேட்டை மீனில் தண்ணீரில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் சேர்ந்துவிடுகிறது. நெத்திலியும் சாளையும் சங்கிலியின் கீழ்ப்படியில் இருப்பவை, கவலையில்லாமல் சாப்பிடலாம். பெரிய சுறா மேல்படி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டு கொடுக்கும் வீடுகளில் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. கல்லீரல் மெத்தில் பாதரசத்தைக் குளூட்டாதயோன் என்ற, சிஸ்டீன் அடங்கிய சின்ன மூலக்கூறின் கந்தகத்தோடு சேர்த்துப் பித்தத்தில் தள்ளுகிறது. குடலுக்கு வந்ததும் குளூட்டாதயோன் உடைந்து சிஸ்டீன் மிஞ்சுகிறது. சிஸ்டீன் கூட்டுக்குத்தான் வாயில் திறந்திருக்கிறதே! மறுபடி ரத்தத்துக்கே வந்துவிடுகிறது. குடல் பாக்டீரியாக்கள் மெத்திலை அறுக்கும் அளவுதான் நிரந்தரமாக வெளியேறும். அதனால் உடம்பில் உள்ளது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 50 நாள் ஆகும். ஈய நஞ்சுக்கும் ஆர்செனிக் நஞ்சுக்கும் கொடுத்த டைமெர்காப்ரால் என்ற தயால் மருந்து இங்கே கைகொடுக்கவில்லை. விலங்குகளில் அது பாதரசத்தை மூளைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. தாவுவதற்கு இன்னொரு கிளையைக் கொடுத்ததுதான் மிச்சம்.

முடியிலும் அது சேர்கிறது. முடியின் கெரட்டினில் கந்தகம் மிகுதி, ரத்தத்தில் இருப்பதைப்போல 250 மடங்கு அங்கே படியும். மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும் முடி நாட்குறிப்பு போல ஆகிவிடுகிறது. வெட்டர்ஹானின் முடியைத் துண்டு துண்டாக அளந்தபோது, ஆகஸ்டுக்குப் பின் ஒரே ஒரு ஏற்றமும் அதன்பின் மெல்லிய இறக்கமும் தெரிந்தன. ஒரே ஒருமுறை பட்டதுதான், வேறெப்போதும் இல்லை.

மினமாட்டாவில் இன்னொரு நாட்குறிப்பும் கிடைத்தது. நஞ்சு நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது என்று அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள். மீன் தின்ற தாய் ஓரளவு நலமாகவும், அவள் பெற்ற பிள்ளை தலை நிற்காமலும் பேச்சு வராமலும் இருந்ததைக் கண்டு பெருமூளை வாதம் என்று எழுதிவைத்தார்கள். ஹராடா மசாசுமி என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய் அந்தத் தாய்மார்களின் பேச்சைக் கேட்டார். நஞ்சு கொடியைத் தாண்டியிருந்தது. கருவுக்கு அமினோ அமிலம் ஊட்டும் வாயில்கள் அங்கேயும் உண்டு. குழந்தையின் ரத்தத்தில் தாயின் ரத்தத்தைவிட அதிகமாகவே அது சேர்கிறது. தாயின் உடம்பிலிருந்த நஞ்சைப் பிள்ளை வாங்கிக்கொண்டது.

குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சின்ன மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானியர் வழக்கம். மினமாட்டா வீடுகளில் அந்தப் பெட்டிகள் இருந்தன. அவற்றை வாங்கி அளந்தார்கள். ஆண்டுகள் பல கடந்தும் காய்ந்த கொடியின் புரதத்தில் கந்தகம் பாதரசத்தை விடாமல் வைத்திருந்தது. பிறந்த ஆண்டு வாரியாக வரிசைப்படுத்தியபோது, ஆலையின் அசிட்டால்டிஹைடு உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் கொடிகளில் மெத்தில் பாதரசமும் ஏறியிருந்தது, உற்பத்தி இறங்கியபோது அதுவும் இறங்கியிருந்தது.